குடி நினைப்பைக் காந்தம் குறைக்குமா?

(சேத்தூரில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜமீன் காலத்திலேயே கவிராயர்கள் வாழ்ந்த ஊர் இந்தச் சேத்தூர். இங்கே மேடை ஏறுகிறவன் பாட்டைப் பற்றிப் பேசினால் பொருத்தமாக இருக்கும். நான் குடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘குடியைப் பற்றியா? கடையை மூடச் சொல்லுவான், இல்லையென்றால் குடிக்கிறவனைத் திட்டுவான்’ என்று முன்வரிசையில் இரண்டு பேர் கிசுகிசுப்பது என் காதில் விழுகிறது. திட்டுவதற்கு உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. அதற்காக என்னை யாரும் அழைக்க வேண்டியதில்லை. இன்று நான் பேசப்போவது காந்தத்தைப் பற்றி.

மண்டையைத் திறக்காமல், ஊசி குத்தாமல், மயக்க மருந்து கொடுக்காமல், தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்துக் குடி நினைப்பைக் குறைக்க முடியுமா? முடியும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. முடியவில்லை என்றும் சில ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டையும் மறைக்காமல் உங்கள் முன் வைப்பதுதான் என் வேலை.

முதலில் ஒன்றைக் கேட்கிறேன். குடி நினைப்பு என்றால் என்ன? மில் வேலைக்குப் போகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பிள்ளை தலையில் கை வைத்து, ‘இனிமேல் தொட மாட்டேன்’ என்று சத்தியம் செய்கிறார். பொய்ச் சத்தியம் இல்லை, மனதாரச் செய்த சத்தியம். பகல் முழுவதும் அது நிற்கிறது. சாயங்காலம் ஆறு மணி ஆகிறது. சம்பளம் கையில் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்தில் பழைய கூட்டாளி நிற்கிறான். நாக்கு நமநமக்கிறது. ‘எனக்கே தெரியாம கால் அங்க போயிருச்சு சார்’ என்பார்கள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அது ஏறக்குறைய அப்படியே நடக்கிற காரியம்.

கார்த்திகை பிறந்தால் நம் ராஜபாளையம்–தென்காசி சாலையில் என்ன நடக்கிறது? இரவு பகலாக ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். மாலை போட்ட அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொடாதவர்கள் எத்தனை பேர்! பத்து வருடக் குடியை ஒரு கருப்பு வேட்டியும் துளசி மாலையும் நிறுத்திவிடுகின்றன. எப்படி? பக்தி இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பக்தியோடு வேறு காரியங்களும் நடக்கின்றன. பொண்டாட்டி அவரைச் ‘சாமி’ என்கிறாள். கூட்டாளி ‘சாமி’ என்று விலகி நிற்கிறான். ‘வாடா மாப்ள, ஒரு கட்டிங்’ என்று எவனும் கூப்பிடுவதில்லை. காலையும் மாலையும் குளியல், பஜனை. ஆறு மணிக்குக் கால் போகிற பாதையையே மாற்றிவிட்டார்கள். குடியைத் தூண்டுகிற ஆள், இடம், நேரம் மூன்றையும் ஒரே நாளில் அப்புறப்படுத்திவிட்டார்கள்.

அப்படியானால் மலைக்குப் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே கடை வாசலில் ஏன் கூட்டம்? ஒரு மண்டலம் நின்ற குடி, ஒரு மணி நேரத்தில் ஏன் திரும்புகிறது? மாலை போட்டிருந்த நாளெல்லாம் குடி நின்றிருந்தது, நினைப்பு நிற்கவில்லை. அது மூளைக்குள் எழுதப்பட்டுவிட்டது. அதை அழிக்க முடியுமா என்பதுதான் நம் கேள்வி.

இங்கே ஓர் எச்சரிக்கை, காந்தத்தைவிட அவசரமான செய்தி. தினமும் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர், மாலை போட்டோ கயிறு கட்டியோ ஒரே நாளில் நிறுத்தினால் ஆபத்து. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சி உடம்பில் ஊர்வது போலத் தெரியும், இல்லாத ஆள் கூப்பிடுவது போலக் கேட்கும். வீட்டில் ‘சாமி வந்திருச்சு’ என்பார்கள், ‘பேய் பிடிச்சிருச்சு’ என்பார்கள். வேப்பிலையைத் தேடுவார்கள். தேட வேண்டியது ஆஸ்பத்திரியை. உயிர் போகக்கூடிய நிலை அது. ஒரு வாரம் மருந்து கொடுத்து, பி1 வைட்டமின் ஊசி போட்டுத் தாண்ட வைத்துவிடலாம். மாலை போடுங்கள். போடுவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

சரி, நினைப்புக்கு வருவோம். இந்த ஊரில் கண்மாயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. மலையில் மழை பெய்தால் கண்மாய்க்குத் தண்ணீர் வரும். தண்ணீர் வருவதை யாரும் தடுக்க முடியாது. வந்த தண்ணீரை எப்போது விடுவது, எவ்வளவு விடுவது என்பது மதகில் இருக்கிறது. மூளையின் அடியில் ஆசை ஊறுகிற பகுதிகள் இருக்கின்றன. பசி, தாகம், காமம், குடி எல்லா நினைப்பும் அங்கிருந்துதான் பெருகி வருகிறது. நெற்றிக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில், மூளையின் முன்பகுதி இருக்கிறது. ‘பொறு, நாளைக்கு வேலை இருக்கிறது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும்’ என்று நிறுத்திப் பிடிக்கிற மதகு அது. பல வருடக் குடி என்ன செய்கிறது? இரண்டு பக்கமும் கெடுக்கிறது. தண்ணீரைக் கூட்டுகிறது, மதகையும் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த மதகைப் பார்த்து ‘உனக்கு மன உறுதி இல்லை’ என்று திட்டி என்ன பிரயோசனம்?

அந்த மதகை வெளியிலிருந்து சரிசெய்ய முடியுமா என்று கேட்டவர்கள்தான் காந்தத்தைக் கையில் எடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1831-இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். காந்தப்புலம் மாறினால் பக்கத்தில் இருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. உங்கள் வீட்டுக்கு வரும் கரண்ட் அந்த விதியில்தான் உற்பத்தியாகிறது. மூளையும் மின்சாரத்தில்தான் வேலை செய்கிறது. அப்படியானால் மண்டைக்கு வெளியே காந்தப்புலத்தைச் சட்டென்று மாற்றினால் மண்டைக்கு உள்ளே, மூளையில், சிறு மின்னோட்டம் பிறக்க வேண்டுமே? 1985-இல், அதே இங்கிலாந்தில், ஷெஃபீல்டு நகரத்தில் அந்தோணி பார்க்கரும் அவருடைய குழுவினரும் அதைச் செய்து காட்டினார்கள். உச்சந்தலைக்கு மேல் சுருளைப் பிடித்து ஒரு துடிப்பு கொடுத்தார்கள். தொடாமலேயே, வலியே இல்லாமல், கை துள்ளியது. ஃபாரடேயின் விதி மனிதத் தலைக்குள் போக 154 வருடம் ஆகியிருக்கிறது!

இதற்கு ஆர்.டி.எம்.எஸ். என்று பெயர். திரும்பத் திரும்பக் கொடுக்கப்படும் காந்தத் தூண்டல். உடனே உங்கள் மனதில் என்ன படம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். கட்டிலில் கட்டிப்போட்டு, வாயில் கட்டையை வைத்து, ‘ஷாக் ட்ரீட்மென்ட்’! சினிமாக்காரர்கள் நமக்குச் செய்த கைங்கரியம் அது. அந்த ஷாக் சிகிச்சையே இன்று மயக்க மருந்து கொடுத்து, நோயாளிக்கு வலி தெரியாமல் செய்யப்படுகிறது. அது வேறு கதை. காந்தத் தூண்டல் அந்த வகையே இல்லை.

நாற்காலியில் உட்கார வைப்பார்கள். காதில் பஞ்சோ அடைப்பானோ வைப்பார்கள், கருவி பலமாகத் தட்டுகிற சத்தம் போடும். எட்டுப் போன்ற வடிவில் ஒரு சுருள். அதை முதலில் தலையின் பக்கவாட்டில் வைத்து, கையை அசைக்கும் பகுதியைத் தேடுவார்கள். டக். ஒன்றுமில்லை. கொஞ்சம் நகர்த்தி மறுபடி டக். திடீரென்று உங்கள் கட்டைவிரல் தானாகத் துள்ளும். நீங்கள் அசைக்கவில்லை, விரல் அசைகிறது! அந்த இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். எவ்வளவு பலம் கொடுத்தால் விரல் அசைகிறது என்பதையும் குறித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தலைக்கும் அந்த அளவு வேறு. பிறகு, பழைய முறைப்படி, அங்கிருந்து ஐந்து சென்டிமீட்டர் முன்னால் சுருளை நகர்த்துவார்கள். மதகு என்று சொன்னேனே, அந்த இடம். காந்தத்தின் பலம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவியின் அளவுக்கு இருக்கும். ஆனால் இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது. தட்டி முடிந்ததும் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம். சிலருக்குத் தலைவலி வரும். வெகு அபூர்வமாக வலிப்பு வரலாம். அதனால்தான் குடியின் நடுக்கமெல்லாம் அடங்கிய பிறகே இதைத் தொடங்குகிறார்கள். தலைக்குள் உலோகக் கிளிப் வைத்தவர்களுக்கும், அறுவை செய்து காதுக்குள் செவிக் கருவி பொருத்தியவர்களுக்கும் இது கூடாது.

இதைக் குடிக்குச் செய்து பார்த்தார்களா? அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ போக வேண்டாம். ராஞ்சிக்கு வாருங்கள்.

நம் ஊரில் ஒருவரைக் கேலி செய்ய ‘கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பு’ என்கிறோம், தெற்கத்திக்காரர்கள் ‘ஏர்வாடி’ என்கிறோம். வடக்கே அந்தக் கேலிக்கு அகப்பட்ட ஊர் ராஞ்சி. அங்கே காங்கே என்ற இடத்தில் 1918-இல் வெள்ளைக்காரர்களுக்காகத் தொடங்கிய மனநல மருத்துவமனை, இன்று மத்திய அரசின் மத்திய மனநல மருத்துவ நிறுவனம். கேலிக்கு ஆளான அந்த வளாகத்திலிருந்துதான் உலகம் திரும்பிப் பார்த்த ஆய்வு வந்தது. 2010-இல் ‘அடிக்‌ஷன்’ என்ற பன்னாட்டு மருத்துவ இதழில் மிஸ்ரா, நிஜாமி ஆகியோரின் குழு அதை வெளியிட்டது. குடிக்கு அடிமையான 45 பேர். முதலில் குடியின் நஞ்சை இறக்கும் சிகிச்சை. பிறகு மூளையின் வலது முன்பகுதியில் பத்துத் தடவை காந்தத் தூண்டல், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஆயிரம் துடிப்புகள்.

ஆனால் 45 பேருக்கும் உண்மையான காந்தம் கொடுக்கவில்லை. 30 பேருக்கு உண்மை, 15 பேருக்குப் பொய். பொய் என்றால்? அதே நாற்காலி, அதே அறை, அதே டக் டக். காந்தம் மட்டும் மூளைக்குள் போகாது. ஏன் இந்த நாடகம்? நம்பிக்கைக்கே ஒரு மருந்துக் குணம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி, பெரிய மெஷின், வெள்ளைக் கோட்டு என்று பார்த்தாலே பாதி நோய் குறைந்தது போல் இருக்கும். அந்தப் பாதியைக் கழித்த பிறகு காந்தத்துக்கென்று ஏதாவது மிஞ்சுகிறதா? மிஞ்சியது. உண்மைக் காந்தம் பெற்றவர்களுக்குக் குடி நினைப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. தாயத்து விற்கிறவரையும் லேகியம் விற்கிறவரையும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: ‘ஐயா, பொய் லேகியம் கொடுத்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?’ அன்றைக்கே கடையைக் கட்டிவிடுவார்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும். நிறுத்தமாட்டேன். அடுத்த ஆண்டே, 2011-இல், ஜெர்மனியில் 19 பெண்களிடம் இடது பக்கத்தில் இதே போன்ற முயற்சி செய்தார்கள். குடி நினைப்பு குறையவில்லை. ராஞ்சிக் குழுவினரே பின்னால் இடதையும் வலதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பலன் தந்தன. அப்படியானால் ஜெர்மனியில் ஏன் பலிக்கவில்லை? ஆளா, அளவா, பெண் உடம்பா? விடை இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை.

இன்னொரு கருவி இருக்கிறது, டி.டி.சி.எஸ். அதில் காந்தம் கிடையாது. உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் துண்டுகளைத் தலையில் வைத்து, இரண்டு மில்லி ஆம்பியர் அளவில் மிக மெல்லிய மின்சாரத்தை இருபது நிமிடம் போல விடுவார்கள். லேசாக அரிக்கும், அவ்வளவுதான். காந்தக் கருவி பல லட்சம் ரூபாய். இது அதைவிட எவ்வளவோ மலிவு, கையில் தூக்கிக்கொண்டு போகலாம். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் மனநோய்களுக்கு இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. குடிக்கு இதை அதிகம் பரிசோதித்த நாடு பிரேசில். அங்கிருந்து வந்த இரண்டு முடிவுகளைக் கவனமாகக் கேளுங்கள்.

2013-இல் வந்த ஓர் ஆய்வில் குடி நினைப்பு குறைந்தது. ஆனால் மறுபடி குடிக்கத் தொடங்கியவர்கள் எந்தப் பக்கம் அதிகம் தெரியுமா? உண்மை மின்சாரம் பெற்ற பக்கம் சாய்ந்தது கணக்கு! 2014-இல் வந்த மற்றோர் ஆய்வு இதற்கு நேர்மாறு. நினைப்பைக் கேட்டு எழுதிய மதிப்பெண்ணில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், உண்மை மின்சாரம் பெற்ற 16 பேரில் 8 பேர் குடிக்காமல் இருந்தார்கள். பொய் மின்சாரம் பெற்ற 17 பேரில் 2 பேர்தான்.

ஒன்றில் நினைப்பு குறைந்தது, குடி குறையவில்லை. மற்றொன்றில் நினைப்பு குறையவில்லை, குடி குறைந்தது. என்ன குழப்பம் இது? சின்ன ஆய்வுகள், ஆளும் குறைவு. அதனால் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கண்மாயில் தண்ணீர் அப்படியே இருந்தாலும் மதகு பிடித்தால் போதும். தண்ணீர் கொஞ்சம் வடிந்தாலும் மதகு ஓட்டையாக இருந்தால் வயல் மூழ்கும். நினைப்பு மதிப்பெண்ணை மட்டும் காட்டி ‘எங்கள் கருவி குடியை ஒழித்துவிட்டது’ என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ‘ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் குடிக்காமல் இருக்கிறார்கள்?’ என்று கேளுங்கள்.

2022-இல் இஸ்ரேலியக் குழு ஒன்று அந்தக் கேள்விக்கே விடை தேடியது. இன்னும் ஆழமாகப் போகிற வேறு வகைச் சுருள். மூன்று வாரம் தொடர்ந்து, பிறகு மூன்று மாதம் இடைவிட்டு. 51 பேரிடம் நடந்தது. மிதமிஞ்சிக் குடித்த நாட்கள் பொய்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 10.6 சதவீதம், உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 2.9 சதவீதம். நல்ல செய்திதான். ஆனாலும் 51 பேர் என்பது சேத்தூரின் ஒரு தெருவில் இருக்கிற ஆட்கள்கூட இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு காந்தத் தூண்டலுக்கு மனச்சோர்வுக்காக 2008-லும், புகைப்பழக்கத்துக்காக 2020-லும் அனுமதி கொடுத்தது. குடிக்கு அனுமதி கொடுக்கவில்லை. என் தீர்ப்பும் அதுதான்: நம்பிக்கை தருகிற சிகிச்சை, இன்னும் நிலைநாட்டப்படாத சிகிச்சை. மாத்திரையும் ஆலோசனையும் முயன்று பலிக்காதவருக்கு, அனுபவமுள்ள மனநல மருத்துவர் சொன்னால், துணைச் சிகிச்சையாகச் செய்து பார்க்கலாம். நகையை அடகு வைத்து முதல் சிகிச்சையாக இதற்கு ஓடாதீர்கள்.

அப்படியானால் இத்தனை நேரம் எதற்காக இதைப் பேசினேன்?

தாய்மார்களே, ஒரு காரணம் உங்களுக்காக. காந்தம் குடியை முழுதாக நிறுத்துகிறதோ இல்லையோ, ஓர் உண்மையை நிரூபித்துவிட்டது. மூளையின் ஓரிடத்தைத் தூண்டினால் குடி நினைப்பு ஏறி இறங்குகிறது என்றால், அந்த நினைப்பு மூளையில் இருக்கிற நோய். 2007-இல் அமெரிக்காவில் பக்கவாதத்தால் மூளையின் ஒரு குறிப்பிட்ட மடிப்பு பழுதான சிலர், வருடக்கணக்கில் பிடித்த சிகரெட்டைச் சிரமமே இல்லாமல் விட்டதைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு மன உறுதி திடீரென்று எங்கிருந்து வந்தது? சர்க்கரை நோய்க்காரரை ‘உனக்கு ரோஷம் இல்லையா’ என்று கேட்கிறோமா? குடி நோய்க்காரரை மட்டும் கேட்கிறோம். அவர் செய்கிற அடி உதையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அதற்குப் போலீஸ் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. நோய்க்கு மருந்து தேடுவது அதோடு சேர்ந்த வேறு வேலை.

அந்த மருந்தைத் தேடுகிறோமா? மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பு சொல்கிறது: இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மிச்சப் பேர் எங்கே போகிறார்கள்? பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கிறதே ‘நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கலாம்’, அந்த நோட்டீஸுக்குப் போகிறார்கள். அம்மா, அந்த வேலை மட்டும் வேண்டாம். குழம்பில் கலந்து கொடுக்கிற அந்தப் பொடியில் டைசல்ஃபிராம் போன்ற மருந்து இருந்து, அது தெரியாமல் அவர் குடித்துவிட்டால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அதே மருந்தை அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் மேற்பார்வையில் கொடுத்தால் பலன் தரும். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று குடி நினைப்பையே குறைக்கிற மாத்திரைகளும் இருக்கின்றன. காந்தத்தைவிட அவற்றுக்கு ஆதாரம் அதிகம்.

குடியை நோயாகப் பார்த்துச் சிகிச்சை கொடுக்கிற இந்த வழி நம் மாநிலத்தில் எப்படிப் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் டி.டி. ரங்கநாதன் என்ற பெரிய தொழில் குடும்பத்துப் பிள்ளை குடியால் இளம் வயதிலேயே இறந்தார். இந்தியாவில் அப்போது அவருக்குக் கொடுக்க நல்ல சிகிச்சை இல்லை. அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. 1980-இல் கணவர் பெயரிலேயே குடி நோய்க்கான சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். கணவர் குடியால் செத்தார் என்பதை மறைக்கிற காலத்தில், அதை ஊரறியச் சொல்லித் தொடங்கினார். அங்கே நோயாளியோடு குடும்பத்தாருக்கும் சிகிச்சை. எந்தக் கருவி வந்தாலும் அந்தப் பாதி வேலையை அது செய்யாது.

சேத்தூரிலிருந்து சென்னைக்கு எப்படிப் போவது என்று கேட்பீர்கள். போக வேண்டாம். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மதுரையில் ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. அதற்கும் முன்னால் ஒரு போன் போதும். 14416 என்பது மத்திய அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். 14446 என்பது போதை மீட்புக்கான எண். இரண்டுக்கும் காசு கிடையாது.

கூட்டத்தில் நினைப்போடு போராடிக்கொண்டிருக்கிற தம்பி ஒருவராவது இருப்பீர்கள். கையைத் தூக்கச் சொல்லமாட்டேன். நாளைக் காலையில், கை நடுக்கம் இருந்தால் நடுக்கத்தோடேயே, வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓ.பி. சீட்டு எழுதுகிற இடத்தில் வயிற்று வலி என்று சொல்லாதீர்கள். குடி என்றே சொல்லுங்கள்.